3300 சுற்றில் ஒரு முனகல்

மணிக்கு 74 கிலோமீட்டரில் ஆரம்பிக்கும். 80-ஐத் தாண்டினால் அடங்கிவிடும். இடையில் இருக்கிற அந்த ஆறு கிலோமீட்டர் வேகத்துக்குள் என் வண்டியின் ஃபேரிங், தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இரையும். நான் தினமும் கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போய் வருகிறேன். போக 40, வர 40. அந்தச் சாலையில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் நிதானமாக ஓட்ட வாகான வேகம் சரியாக அந்த ஆறு கிலோமீட்டருக்குள்தான் விழுகிறது. மெதுவாகப் போனால் பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனிலேயே திட்டுவார். வேகமாகப் போக என் 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை.

பைக் ஓட்டாதவர்களுக்காக: ஃபேரிங் என்பது வண்டியின் முகத்தில் மாட்டுகிற ஓடு. எதிர்காற்று ஓட்டுபவரின் நெஞ்சில் மோதாமல் தோளுக்கு மேலும் பக்கவாட்டிலும் வழித்துவிடுவது அதன் வேலை. பந்தய வண்டிகளுக்கு அது கூடவே பிறக்கும். என்னுடையதைப் போன்ற வண்டிகளுக்கு வெளியே வாங்கி மாட்ட வேண்டும். அழகுக்காக மாட்டுகிறவர்கள்தான் அதிகம். எனக்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய்.

மேற்குத் தொடர்ச்சி மலை கோவைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையேறிச் சிரமப்படாமல் அந்த வாசல் வழியாகவே உள்ளே வந்துவிடும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் அந்தச் சாலையில் பைக் ஓட்டியிருந்தால் அம்மியை விட்டுவிட்டு வேறு உதாரணம் தேடியிருப்பார்கள். ஆனியும் ஆடியும் எனக்குக் கழுத்துவலி மாதங்கள். காற்றின் தள்ளல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 40-இல் இருப்பதைப் போல 80-இல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. நெஞ்சையும் கழுத்தையும் நிமிர்த்தி வைத்தே ஒரு மணி நேரம் போய்விடும்.

ஃபேரிங் பெரிதாக இருந்தால் எதிர்காற்றுக்கு நல்லது, பக்கக் காற்றுக்கு ஆகாது. 1950-இல் இத்தாலியின் மாண்டெல்லோ டெல் லாரியோவில் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் தன் பைக்குகளுக்காகவே ஒரு காற்றுச் சுரங்கம் கட்டியது. அந்தப் பத்தாண்டில் பந்தய வண்டிகள் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு, குப்பைத் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி ஓடின. பெயரே ‘டஸ்ட்பின்’ ஃபேரிங்தான். வேகம் கிடைத்தது. ஆனால் பக்கத்திலிருந்து காற்று பிடித்தால் வண்டி பாதை மாறும். 1957-ஆம் ஆண்டுப் பந்தயங்களோடு சர்வதேசக் கூட்டமைப்பு அவற்றைத் தடை செய்துவிட்டது. பொள்ளாச்சிச் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது, கணவாய்க் காற்று அதைக் குறுக்காக வெட்டுகிறது. அதனால் ஹெட்லைட்டைச் சுற்றி மட்டும் வருகிற சின்ன ஃபேரிங்காகத் தேடினேன். ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பாமல் ஃபிரேமின் கழுத்தில் நிற்பதாகவும் இருக்க வேண்டும். காற்று ஃபேரிங்கைத் தள்ளினால் அது என் கையைத் திருப்பக் கூடாது இல்லையா.

ஃபைபர் பட்டறை ஒன்றில் கிடைத்தது. அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாய் விரித்து, ரெசினில் ஹார்டனர் கலந்து, பிரஷ்ஷால் பூசி, காய்ந்ததும் உரித்து எடுக்கிற கைவேலை. ஒரு இடத்தில் 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும், அடுத்த இடத்தில் 4 இருக்கும். கண்ணாடியோடு சேர்த்து எடை 2.4 கிலோ. கழுத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள் பிடித்து, பட்டைக்கு இரண்டாக நான்கு 6 எம்எம் போல்ட்டுகளில் மாட்டிக் கொடுத்தார்கள். முதல் நாளே கழுத்துவலி பாதியாகக் குறைந்தது. முதல் நாளே இரைச்சலும் ஆரம்பித்தது.

*

மாட்டிக் கொடுத்தவரிடமே போனேன். “வண்டின்னா வைப்ரேசன் இருக்கத்தானுங்க செய்யும் சிஸ்டர். இறுக்கி உட்டா நின்னுருமுங்க” என்றார். ஸ்பேனரில் நீளமான குழாயைச் சொருகி ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். மூன்று நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் காலையில் துடைக்கும்போது பார்க்கிறேன், மேலே இடது பக்க போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல். அன்றைக்குச் சாயங்காலமே சத்தமும் திரும்பி வந்துவிட்டது.

இறுக்கினால் சரியாகும் என்பது நம் ஊரில் ஒரு பொது வைத்தியம். குழாய் ஒழுகினால் இறுக்கு, கதவு ஆடினால் இறுக்கு, பிள்ளை படிக்கவில்லையென்றால் இறுக்கு. ஃபைபரிடம் இது பலிக்காது. இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுத்துச் சுமையைப் பக்கத்துக்குப் பகிரும். கண்ணாடி நாரும் ரெசினும் அப்படி வளையாது. போல்ட்டின் தலை அழுத்துகிற சின்ன வட்டத்திலேயே எல்லாப் பாரமும் நிற்கும். துளையின் விளிம்பு கொஞ்சம் கரடாக இருந்தாலும் போதும். ஒரு தகட்டில் துளையோ கூர்மையான முனையோ இருந்தால் அந்த இடத்தில் தகைவு பல மடங்கு கூடும் என்று 1913-இலேயே இங்கிலிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். விரிசலின் முனை எவ்வளவு கூராக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக அது மேலே ஓடும். பட்டறைகளில் விரிசலின் நுனியில் 3 எம்எம் ட்ரில் போட்டு ஒரு துளை விடுவார்களே, அது இதற்காகத்தான். கூர்முனையை வட்டமாக்கிவிட்டால் விரிசல் அங்கே களைத்து நிற்கும். நானும் ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் துளை போட்டு, உள்பக்கம் நார்ப் பாயும் ரெசினும் வைத்து ஒட்டினேன்.

சத்தத்துக்கு ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் வை. டபுள் சைடு டேப் ஒட்டு. உள்ளே ஸ்பாஞ்ச் அடை. எல்லாம் கொஞ்ச நாளுக்குக் கேட்டன. ஸ்பாஞ்ச் வைத்ததும் ஓட்டின் சத்தம் குறைந்து கண்ணாடி பாட ஆரம்பித்தது. கண்ணாடிக்கு டேப் ஒட்டியதும் இண்டிகேட்டர். வீட்டில் எலியைத் துரத்துகிற மாதிரி, ஒரு மூலையில் அடித்தால் அடுத்த மூலையில் ஓடியது.

இதில் இன்ஜினைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றை சிலிண்டரில் ஒரே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அதை முழுதாகச் சமன்செய்ய எதிரே ஆளில்லை. கிராங்க்கில் எதிர் எடை வைப்பார்கள். ஆனால் எதிர் எடை வட்டமாகச் சுற்றும், பிஸ்டனோ நேர்கோட்டில் ஓடும். மேல்கீழ் ஆட்டத்தை முழுதாக அடக்கும் அளவுக்கு எதிர் எடை வைத்தால் அதே ஆட்டம் முன்பின்னாகத் திரும்பிக்கொள்ளும். அதனால் பாதியளவு வைத்து, பாதி மேல்கீழ், பாதி முன்பின் என்று பங்கு பிரித்துவிடுவார்கள். பேலன்சர் ஷாஃப்ட் இல்லாத வண்டியில் நடுக்கத்தை ஒழிக்க முடியாது, எந்தப் பக்கம் போகட்டும் என்று தீர்மானிக்க மட்டும் முடியும்.

ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றி வைக்கிற மலிவான டாகோமீட்டர் ஒன்று வாங்கினேன். சத்தம் உச்சத்தில் இருக்கும்போது அது காட்டியது 3300. நிமிடத்துக்கு 3300 சுற்று என்றால் நொடிக்கு 55. ஃபேரிங்கில் எதுவோ ஒன்றுக்கு இந்த 55 என்ற எண் பிடித்திருக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் கைப்பலம் தேவையில்லை, குழந்தை தள்ளினாலே உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் பயில்வான் தள்ளினாலும் போகாது. 74-க்குக் கீழேயும் 80-க்கு மேலேயும் இன்ஜின் தாளம் தப்பித் தள்ளுகிறது. இடையில் சரியாகத் தள்ளுகிறது. அந்த ஊஞ்சல் எது என்பதுதான் தெரியவில்லை.

*

அதைக் கண்டுபிடித்தது அப்பா. இங்கே அவருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா கணபதியில் ஒரு பவுண்டரியில் 22 வருஷம் ஃபெட்லிங் வேலை பார்த்தார். வார்த்து எடுத்த இரும்பு பம்ப் பாகங்களில் ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை கிரைண்டரால் தேய்த்து எடுப்பது ஃபெட்லிங். கோயம்புத்தூர் பம்ப் செட்டு என்று இந்தியா முழுக்கப் பெயர் இருக்கிறதல்லவா, அந்தப் பம்ப்புகளின் உடம்பு வழவழப்பாக இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. ஷிஃப்டில் ஐந்து மணி நேரமாவது கிரைண்டர் கையில் இருக்கும். சாப்பிட உட்காரும்போதும் கை அதிர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்வார்.

ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருஷம் முன்பே அவருடைய விரல்கள் வெள்ளையாக ஆரம்பித்தன. மார்கழிக் காலையில் வெளியே போய்விட்டு வந்தால் இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியிலிருந்து இரண்டு கணு வரைக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். வெளுப்பு எங்கே முடிகிறது என்று பேனாவால் கோடு போடலாம். பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட் எடுத்தாலே வந்தது. சட்டைப் பட்டனை அம்மா போட்டுவிட வேண்டியதாயிற்று. இதையெல்லாம் அவர் வயசுக் கோளாறு என்றே வைத்திருந்தார். முதலில் பார்த்த டாக்டரும் சுகர் இருக்கா என்றுதான் கேட்டார். சுகர் இல்லை.

பிறகு நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு ட்யூனிங் ஃபோர்க்கை எடுத்தார். பள்ளி லேபில் பார்த்திருப்பீர்கள், இரண்டு கால் உள்ள இசைக்கவை. இது நொடிக்கு 128 முறை அதிர்வது. அதைத் தட்டி, அடிப்பகுதியை அப்பாவின் விரல் நுனியில் வைத்து, “அதிர்வு நின்னதும் சொல்லுங்க” என்றார். அப்பா வைத்த உடனே “நின்னுருச்சுங்க” என்றார். டாக்டர் அதை அப்படியே என் விரலில் வைத்தார். அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. நான் எண்ணினேன், ஒன்பது வரைக்கும். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் தோலுக்கு அடியில் அதிர்வை உணர்வதற்கென்றே வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான நுண் உறுப்புகள் இருக்கின்றன. பசினி என்ற இத்தாலியரின் பெயரில் பசினியன் என்பார்கள். நொடிக்கு 250 அதிர்வுகளை ஒட்டி அவை மிகக் கூர்மையாக உணரும். வருஷக்கணக்கில் கருவிகளின் அதிர்வு ஏறிய கைகளில் இந்த உணர்வு மங்கும், சின்ன ரத்தக் குழாய்கள் குளிர் பட்டதும் இறுகி அடைத்துக்கொள்ளும். வேலையை விட்டால் சிலருக்கு வெளுப்பு குறையும். போன உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. டாக்டர் அதை மென்மையாகத்தான் சொன்னார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, “இந்த நோவுக்கு ஒரு பேரு இருக்குதுங்கறதே இப்பத்தான் தெரியுது அம்மிணி” என்றார்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நான் ஃபேரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “சித்த முடுக்கு பாக்கலாம்” என்றார். நியூட்ரலில் 3300 வரைக்கும் ஏற்றினேன். வண்டு கத்தியது. நான் ஓட்டின் மேல் உள்ளங்கையை வைத்து எங்கே அதிகம் துடிக்கிறது என்று தடவிக்கொண்டிருந்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரித் துடித்தது.

அப்பாவுக்குக் கையால் பார்க்கும் வழி இல்லை. உள்ளே போய் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து வந்தார். அதன் பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு, நுனியை ஒவ்வொரு இடமாக வைத்தார். ஓடு, கண்ணாடி, ஹெட்லைட் வளையம், வலது பட்டை, இடது பட்டை. பழைய மெக்கானிக்குகள் பேரிங் சத்தம் பார்க்கிற முறை இது. இரும்பும் எலும்பும் சத்தத்தை நன்றாகக் கடத்தும். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓட்டைக் கழற்றச் சொல்லி, ஸ்பேனரால் இரண்டு பட்டைகளையும் மெதுவாகத் தட்டினார். வலது பக்கம் ‘டக்’ என்றது. இடது பக்கம் ‘டிங்’ என்று இழுத்தது.

“சத்தம் மூடியில இல்ல. இந்தப் பட்டைலதான் இருக்குது. மூடி மைக் செட்டாட்டம், வாங்கிப் பெருசாக் கத்துது.”

பவுண்டரியில் வார்ப்புகளைத் தட்டித்தான் எடுப்பார்கள். நல்ல வார்ப்பு மணி மாதிரி ஒலிக்கும், உள்விரிசல் இருந்தால் செத்த சத்தம் வரும். கிரைண்டிங் வீலையும் மாட்டுவதற்கு முன் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். விரல்கள் போனபிறகும் அந்தக் காது அவரிடம் இருந்தது.

இடது பட்டையில் ஹாரனுக்கு வழி விடுவதற்காக வளைவு கொடுத்து நீளமாக வெட்டியிருந்தார்கள். ஒரு முனை ஃபிரேமில், மறு முனையில் ஓட்டின் பாரம். ஸ்கேலை மேசை விளிம்பில் பிடித்துத் தட்டுவோமே, அதே அமைப்பு. நீளம் கூடினால் மெதுவாக ஆடும், குறைந்தால் வேகமாக ஆடும். இந்தப் பட்டையின் நீளத்துக்கும் அது தாங்கும் எடைக்கும் வாய்த்த தாளம் 55-இல் வந்து விழுந்திருக்கிறது. ஊஞ்சல் அதுதான்.

பட்டையைக் கழற்றிப் பக்கத்து கிரில் பட்டறைக்குக் கொண்டுபோனோம். வளைவின் உள்மூலையில் முக்கோணமாக ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார் அப்பா. பட்டையின் கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். முக்கோணத் தகடு அதைவிடக் குறைந்த எடையில் அதே வேலையைச் செய்யும். மாட்டி முடுக்கினோம். 3300-இல் சத்தம் இல்லை. 3800 வரைக்கும் ஏற்றினோம். இல்லை.

*

சத்தம் போயிற்று, அதிர்வு போகவில்லை. ஃபேரிங் இப்போது ஃபிரேமோடு ஒரே உடம்பாகத் துடித்தது. இப்படியே விட்டால் ஆறு மாதத்தில் போல்ட் துளைகள் மறுபடி வெடிக்கும். பட்டையை விறைப்பாக்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை, பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவில் மென்மையான ஒன்றை வைப்பது. பட்டையும் ஆடி ரப்பரும் ஆடினால் எது எங்கே ஆடுகிறதென்று கணக்கே இருக்காது. அதனால்தான் முன்பு வைத்த சைக்கிள் டியூப் எடுபடவில்லை. தவிர அதை நடுவில் வைத்து போல்ட்டை இறுக்கும்போது ரப்பர் நசுங்கிக் கட்டையாகிவிட்டது. நசுங்கிய ரப்பருக்கு ரப்பர் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம்.

இதற்கு ஒரு எளிய ஏற்பாடு இருக்கிறது. ஓட்டின் துளையைப் பெரிதாக்கி அதில் வளையமான ரப்பர் புஷ்ஷைப் பொருத்த வேண்டும். புஷ்ஷின் நடுவில் ஒரு சின்ன இரும்புக் குழாய். குழாய் ரப்பரைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். போல்ட் அந்தக் குழாயை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம். ஓடு ரப்பரில் மட்டும் தொங்கும். மாட்டிக் கொடுத்தவர் சொன்ன இறுக்கமும் கிடைக்கும், ஓட்டுக்கு வேண்டிய தளர்வும் கிடைக்கும்.

எவ்வளவு மென்மையான ரப்பர்? இதற்கும் கணக்கு உண்டு. ரப்பரில் தொங்கும் பொருளின் சொந்தத் தாளத்தைப் போல 1.4 மடங்குக்கு மேல் வேகமாக இன்ஜின் அதிர்ந்தால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். அதற்குக் கீழே ரப்பர் இருப்பது கெடுதல்தான், அதிர்வைக் கூட்டும். நான் 20 என்று வைத்துக்கொண்டேன். இன்ஜினின் 55-க்கு அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் ஓட்டுக்குப் போய்ச் சேரும் அதிர்வு ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். 20 வேண்டுமென்றால், தன் பங்குப் பாரத்தில் ரப்பர் 0.6 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். 2.4 கிலோவை நான்காகப் பிரித்தால் 600 கிராம். அப்பாவின் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு, மளிகைக் கடையில் 500 கிராம் படியும் 100 கிராம் படியும் கடன் வாங்கி, கிடைத்த ரப்பரையெல்லாம் அமுக்கிப் பார்த்தோம். பழைய பைக்கின் சைடு பேனல் புஷ் அசையவே இல்லை. காந்திபுரத்தில் ஒரு ரப்பர் கடையில் 40 ஷோர் கடினம் என்று கொடுத்த ஷீட், பென்சில் அழிக்கும் ரப்பர் அளவுக்கு மென்மை, அதை வெட்டித் தேய்த்ததும் 0.6-க்குப் பக்கத்தில் வந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சின்ன ஓட்டின் மேல் காற்று தோராயமாக 6 கிலோ பாரத்தை ஏற்றும். ஓடு ஒன்றரை மில்லிமீட்டர் பின்னால் போகும். மீட்டருக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட்டோம்.

இதற்கு விலை உண்டு. ஐட்லிங்கில் இன்ஜின் 1000 சுற்று, நொடிக்கு 17. அது 20-க்கு மிகப் பக்கம். அதனால் சிக்னலில் நிற்கும்போது என் ஃபேரிங் குளிரில் நடுங்குகிற ஆள் மாதிரி கண்ணுக்குத் தெரிய ஆடும். பக்கத்தில் நிற்பவர்கள் “எதோ லூஸா இருக்குதுங்க” என்று சொல்வார்கள். 1967-இல் நார்ட்டன் நிறுவனம் கமாண்டோ என்ற வண்டியில் இன்ஜினையே இப்படி ரப்பரில் தொங்கவிட்டது. அதுவும் நிற்கும்போது குலுங்கும், வேகம் பிடித்ததும் வழுக்கிக்கொண்டு போகும். எல்லா வேகத்திலும் அடங்கியிருக்கும் ரப்பர் என்று ஒன்று கிடையாது. எந்த வேகத்தில் நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்களோ அங்கே அமைதியை வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

*

நாலாவது புஷ்ஷைப் பொருத்தும்போது அப்பா மிச்சமிருந்த ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது தட்டுப்பட்டதா என்று தெரியவில்லை, கண்ணால் பார்த்தபடிதான் உருட்டினார்.

“இதாட்டம் கிரைண்டர் புடிக்கும் வெக்கலாமா?”

“வெக்கலாம்ப்பா. அப்படிப் புடி கடையிலயே கிடைக்குது.”

“எப்ப இருந்து?”

எனக்குப் பதில் தெரியும். டாக்டரிடம் போய் வந்த பிறகு நிறையப் படித்திருந்தேன். 1918-இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தியானாவின் பெட்ஃபோர்டுக்குப் போய், காற்றுச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்குகிறவர்களின் கைகளைப் பரிசோதித்தார். வெளுத்த விரல்கள், கோடு போட்ட மாதிரி முடியும் வெளுப்பு, உளியைப் பிடிக்கும் இடது கையில் அதிகம். எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அப்பாவின் கையைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. பிரிட்டன் 1985-இல் இதை இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்களில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் அளவே விதித்தது. எட்டு மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு 2.5 மீட்டர்/நொடி² ஆனால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால் பிடிக்கலாமென்ற நேரம் கால் பங்காகும். 10 என்று அதிரும் கருவியை இரண்டு மணி நேரம் பிடித்தாலே அன்றைய கணக்கு முடிந்தது. அப்பா ஐந்து மணி நேரம் பிடித்தார், 22 வருஷம்.

செல்போனுக்குக்கூட எச்சரிக்கை இருக்கிறது. பெரிய இன்ஜின் பைக்குகளின் ஹேண்டில்பாரில் ஐபோனை நேரடியாக மாட்டினால் கேமராவின் உள்பாகம் கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021-இல் அறிவித்தது. அதிர்வைக் குறைக்கும் ஸ்டாண்டை மாட்டச் சொன்னது. அதை நண்பர்கள் குழுவில் எல்லோரும் பகிர்ந்தார்கள். நானும்தான் பகிர்ந்தேன். கையைப் பற்றி யாரும் எதுவும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

“ரொம்ப வருஷமாவேப்பா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் புஷ்ஷை டூல்ஸ் டப்பாவில் போட்டார். “எங்க செக்சன்ல பதினோரு பேரு. வெல கேட்டிருந்தாக்கூட நாங்களே வாங்கியிருப்பம்.”

ரப்பர் பிடி மாட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது அதிர்வில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். சமன் தப்பாத வீல், நடுவில் ஓய்வு, ஆள் மாற்றி வேலை, குளிரில் கையைச் சூடாக வைப்பது, எல்லாம் சேர வேண்டும். இதில் ஒன்றுகூட ராக்கெட் வேலையில்லை. நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில், ஒரு ரப்பர் ஷீட்டும் மளிகைக் கடைப் படியும் வைத்து 2.4 கிலோ பிளாஸ்டிக் ஓட்டுக்குச் செய்ததுதான். பொள்ளாச்சி போய் இறங்கும்போது என் விரல்களில் முன்பு இருந்த மதமதப்பைக் குறைக்க ஹேண்டில்பார் முனைகளில் எடைக்கட்டிகளும் மாட்டிக்கொண்டேன். வழியில் ஒரு டீக்கு நிறுத்துகிறேன். எனக்கு அதெல்லாம் கையில் இருக்கிறது. ஷிஃப்டில் நிற்கிறவருக்கு எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இல்லை.

மருந்துக்கடை வீதியில் சர்ஜிகல் கடையில் 128 ட்யூனிங் ஃபோர்க் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அப்பாதான் வாங்கச் சொன்னார். எங்கள் வீதியில் ஒரு பையன், 24 வயசு, ஃபெட்லிங்கில் சேர்ந்து நாலு வருஷம். என் ஃபேரிங் ஆடுவதைக் கிண்டல் பண்ண வந்தவனை அப்பா திண்ணையில் உட்கார வைத்து, ஃபோர்க்கை முழங்காலில் தட்டி அவன் விரலில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து, “நின்னுருச்சுங்க மாமா” என்றான். அப்பா அதை அவசரமாக என் விரலுக்கு மாற்றினார். நான் நாலு எண்ணினேன். இது நோய் என்று சொல்லிவிட முடியாது, திண்ணையில் உட்கார்ந்து செய்கிற சோதனைக்கு அவ்வளவு மதிப்பும் கிடையாது. ஆனால் அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். குளிர்காலத்தில் விரல் வெளுக்குமா என்று அப்பா கேட்டதற்கு, போன மார்கழியில் ஒரு தடவை என்றான்.

அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டு ஈஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போனான். நரம்புச் சோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் வேறு செக்சன் கேள் என்றார் அப்பா. கேட்டால் சம்பளம் குறையுமாம். அவனுடைய பைக்குக்கு இன்னும் எட்டுத் தவணை பாக்கி இருக்கிறது. சோதனைக்குப் போகும்போது நானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.